சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைக்குக் கடன்தான் வழியா?



எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்ததும் நம்மவரிடையே ஒரு திருவிழாக் காலம் தொடங்கிவிடுகிறது. மண்டபங்களில் உயர்கல்விக் கண்காட்சி, கோயில் வளாகங்களில் வழிகாட்டிக் கருத்தரங்கு, நாளேடுகளில் முழுப்பக்க விளம்பரம். மருத்துவரா, பொறியாளரா, வழக்கறிஞரா, எதுவாக வேண்டும்? இன்றே பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் கழிவு! மேடையேறும் பேச்சாளர் முதலில் கல்வியின் பெருமையைப் பேசுவார். அடுத்து, தோட்டப்புறத்தில் பிறந்து தாம் முன்னேறிய கதையைச் சொல்வார். கைதட்டல் ஓய்ந்ததும் ஒரு வாசகத்தைத் தவறாமல் உதிர்ப்பார்: "ஆறாம் படிவமா? அது மிகக் கடினம். நம் பிள்ளைகளுக்கு அது வேண்டவே வேண்டாம்."

இந்த ஒரு வாசகத்தை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

மருத்துவம், பொறியியல் பற்றிப் பேச வேறு பலர் இருக்கிறார்கள். நான் சட்டப் படிப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அந்த வாசகம் மிகுதியான பிள்ளைகளை வழிதவறச் செய்வது அங்கேதான்.

"தொடக்கப்பள்ளி ஆசிரியருக்கு இதில் என்ன வேலை?" என்று ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். தமிழ்ப்பள்ளியில் நம்மிடம் ஆறாண்டு படித்துப் போன பிள்ளை, ஐந்தாம் படிவம் முடித்ததும் அறிவுரை கேட்டுத் திரும்பி வருவது பெரும்பாலும் நம் வாசலுக்குத்தான். இடைநிலைப்பள்ளியில் நூற்றுக்கணக்கான மாணவர்களுக்கு ஓர் ஆலோசக ஆசிரியர் இருப்பார். அவரைக் கண்டு பேச நம் பெற்றோர் கூச்சப்படுகிறார்கள். "சார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று நம்மிடம் வருகிறார்கள். வருபவர்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லாமல் தேநீர் கொடுத்து அனுப்ப என்னால் இயலவில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. நான் பணிபுரியும் தமிழ்ப்பள்ளி என்னும் அமைப்பே நீதிமன்றப் படியேறி வந்த ஒன்று. தாய்மொழிப் பள்ளிகள் கூட்டரசு அரசியலமைப்புக்கு முரணானவை என்று தொடுக்கப்பட்ட வழக்கில், அவை முரணானவையல்ல என்று கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் 2021 டிசம்பரில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023 நவம்பரில் அதனை உறுதிசெய்தது. அந்த வழக்கில் அரசியலமைப்பின் 152-ஆம் பிரிவில் ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று வாதிட்டவர்கள் வழக்கறிஞர்கள். மேடையில் "தமிழ் வாழ்க" என்று முழங்கிய நாம், அன்று அவர்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறப்புப் பத்திரமில்லாப் பிள்ளை, தடுப்புக் காவல் மரணம், தோட்ட வீட்டுப் பிரச்சினை என நம் துன்பங்கள் பலவும் இறுதியில் நீதிமன்றத்திலேயே போய் நிற்கின்றன. ஆதலால், ஒரு தமிழ்ப்பிள்ளை சட்டம் படிக்க விரும்பி வழிதவறிப் போவது அக்குடும்பத்தின் இழப்பு மட்டுமன்று.

சரி, வழிதான் என்ன?

நம் நாட்டில் வழக்கறிஞராக வேண்டுமெனில் 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழிற்சட்டம் கூறும் தகுதி வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அனைத்துலக இசுலாமியப் பல்கலைக்கழகம் முதலிய உள்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் சட்டப் பட்டம் பெற்றவர், ‘சேம்பரிங்’ எனப்படும் ஒன்பது மாதப் பயிற்சிக்கு நேரே போகலாம். தனியார் கல்லூரியில் சேர்ந்து இலண்டன் பல்கலைக்கழக வெளிவாரிப் பட்டமோ வேறு பிரிட்டிசுப் பட்டமோ பெற்றவர் அப்படிப் போக முடியாது. அவர் இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் ஆக வேண்டும். அதற்கு வசதியில்லையேல், இங்கேயே சி.எல்.பி. என்னும் சட்டத் தொழிற்சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டும்.

இந்த வேறுபாட்டை எந்தக் கருத்தரங்கிலாவது யாராவது தெளிவாகச் சொல்லக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. ‘பட்டம் பெற்றால் வழக்கறிஞர்’ என்றே பதாகையில் எழுதியிருக்கிறார்கள். பட்டம் வேறு, வழக்கறிஞர் தகுதி வேறு. இரண்டுக்கும் இடையில் ஐந்து தாள்கள் கொண்ட ஒரு தேர்வு நிற்கிறது. பொதுத்தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சான்றியல், தொழில்முறைப் பயிற்சி ஆகியவை அத்தாள்கள். 1984 தொடங்கி நடந்துவரும் இத்தேர்வில் தேறாமல் நின்றுவிட்டவர்கள் நம் ஊர்களில் எத்தனை பேர் என்று விசாரித்துப் பாருங்கள். சட்டப் பட்டத்தைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டிவிட்டுக் காப்புறுதி முகவராகவும் அலுவலக எழுத்தராகவும் பணிபுரிபவர்கள் உங்களுக்கும் அறிமுகமானவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். இப்படியொரு தேர்வு இருப்பதைப் பட்டத்தின் கடைசி ஆண்டில்தான் முழுமையாக அறிந்தவர்கள்.

என்னிடம் படித்த மாணவி ஒருத்தி. தந்தையார் கனவுந்து ஓட்டுநர். எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி, பள்ளி விவாதக் குழுவின் முதற்பேச்சாளர். ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் அன்றைய மாலையே ஐந்நூறு வெள்ளி கட்டிப் பதிந்துகொண்டாள். ஆறாம் படிவத்திற்கான வாய்ப்பும் அவளுக்கு வந்திருந்தது. அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடிப்படைக் கல்விக்கு ஒரு தொகை, பட்டத்திற்கு ஒரு தொகை, வெளிநாட்டுத் தேர்வுக் கட்டணம் பவுனில், பிறகு சி.எல்.பி. வகுப்பு. தாயாரின் நகை முதலில் போயிற்று. வீட்டின்மேல் கடன் பின்னர் ஏறிற்று. சி.எல்.பி.யில் தாள்கள் தவறின. மறுபடி எழுத மனமிருந்தும் பணமில்லை. இப்போது ஒரு தளவாடக் கடையில் கணக்கு எழுதுகிறாள். "யாராவது அன்றைக்கே இரண்டு வழியும் இருக்கிறது என்று சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன் சார்" என்றாள். அவள் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

தனியார் கல்லூரிகளைப் பகைவர் என்று நான் கூறவில்லை. அவ்வழியே சென்று புகழ்பெற்ற வழக்கறிஞர்கள் நம்மிடையே பலர் உண்டு. வசதியுள்ள குடும்பம், தேர்வைக் குறித்த முழு விவரமும் அறிந்து அவ்வழியைத் தேர்ந்தால் அதில் குறை காண யாருக்கும் உரிமையில்லை. ஆனால், மாதம் மூவாயிரம் வெள்ளி வருமானமுள்ள குடும்பத்திடம் அதனை ஒரே வழியாகக் காட்டுவதும், ஏறத்தாழ இலவசமான வழியைக் ‘கடினம்’ என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடுவதும் வழிகாட்டல் ஆகா. அது வணிகம்.

அந்தக் ‘கடினம்’ என்னும் சொல்லைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டுப் படிப்பு. 2012-இல் தொடங்கிய மாணவர்கள் முதற்கொண்டு அது மூன்று பருவமாகப் பிரிக்கப்பட்டுவிட்டது. முன்பு போல் ஈராண்டு படித்ததையெல்லாம் ஒரே மூச்சில் எழுதும் தேர்வன்று. ஒவ்வொரு பருவத்திற்கும் தனித்தேர்வு, இடையிடையே இடுபணி. ஒரு பருவத்தில் சறுக்கினால் அத்தாளை மீண்டும் எழுதவும் வழியுண்டு. 1980-களில் தேர்வெழுதிய பெரியவர்கள் தம் காலத்து அச்சத்தை இன்றைய பிள்ளைகளின் தலையில் இறக்கி வைக்கிறார்கள். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைக்கு வேதியியலும் உயர்கணிதமும் கட்டாயமில்லை. பொதுப்பாடத்தோடு வரலாறு, மலாய்மொழி, தமிழ்மொழி, பொருளியல், வணிகவியல் போன்றவற்றுள் மூன்றை எடுக்கலாம். இது கடினமென்றால், ஆங்கிலேய ஒப்பந்தச் சட்டத்தின் நூற்றாண்டுத் தீர்ப்புகளை ஆங்கிலத்தில் மனனம் செய்வது எளிதா? அதைப் படிக்கத்தானே அதே பேச்சாளர் அதே பிள்ளையை அழைக்கிறார்! பதினெட்டு வயதில் வரலாற்றுப் பாடத்துக்கு அஞ்சச் சொல்லிக் கொடுத்துவிட்டு, இருபத்திரண்டு வயதில் சான்றியல் சட்டத்துக்கு அஞ்சாதே என்றால் அப்பிள்ளை எப்படி நம்பும்?

"மெட்ரிகுலேஷன் கிடைத்தால் போதும்" என்பாரும் உளர். மெட்ரிகுலேஷனில் அறிவியல், கணக்கியல், பொறியியல், கணினி அறிவியல் துறைகள் உண்டு. கலைத்துறை கிடையாது. வரலாற்றையும் மொழியையும் வலிமையாகக் கொண்ட பிள்ளைக்கு அங்கே இடமில்லை. மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கதவு நமக்குத் திறப்பதில்லை. ஆகவே, கலைத்துறைத் தமிழ்ப்பிள்ளை அரசுப் பல்கலைக்கழகத்துச் சட்டத்துறைக்குள் நுழையும் பெருவழி ஆறாம் படிவமே. அந்த வழியில்தான் நம்மவரே முள்வேலி போடுகிறார்கள்.

அடுத்து, "தனியார் வழி விரைவில் முடியும்" என்கிறார்கள். கணக்குப் பார்ப்போமா? எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு, சட்டப் பட்டம் நான்காண்டு, சேம்பரிங் ஒன்பது மாதம். ஆறே கால் ஆண்டு. மற்ற வழியில் அடிப்படைக் கல்வி ஓராண்டு, பட்டம் மூன்றாண்டு, சி.எல்.பி. ஆயத்தமும் தேர்வும் முடிவுக்குக் காத்திருப்பதும் ஏறக்குறைய ஓராண்டு, பிறகு அதே ஒன்பது மாதம். ஐந்தே முக்கால் ஆண்டு. இடையே பல்கலைக்கழக அழைப்புக்குக் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்தால் வேறுபாடு ஓராண்டு ஆகலாம். அவ்வளவுதான். சி.எல்.பி.யில் ஒருமுறை தவறினால் அந்த ஓராண்டும் கைவிட்டுப் போய்விடும். இந்த ஓராண்டு ‘மிச்சத்துக்கு’ ஒரு வீட்டை அடகு வைக்கச் சொல்கிறார்கள்.

இனி, ஆறாம் படிவத்தில் சேர்ந்த பிள்ளைகளும் ஏன் சட்டத்துறையில் இடமிழக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பழியெல்லாம் கருத்தரங்குக்காரர்மீது போட்டுவிட்டு ஒதுங்கினால் அது நேர்மையாகாது.

யு.பி.யு. வழி விண்ணப்பிக்கும் மாணவரின் தகுதிப்புள்ளி நூறு. அதில் தொண்ணூறு தேர்வுக்கு, பத்து புறப்பாடத்துக்கு. நம் வீடுகளில் இந்தப் பத்தைப் பற்றிய பேச்சே இல்லை. "சாரணர் முகாமா? டியூசன் கெட்டுப்போகும், போகாதே" என்று பிள்ளையை வீட்டில் நிறுத்தும் பெற்றோர் எத்தனை பேர்! ஒரு சிறு கணக்கு. மூன்று பாடத்தில் ‘ஏ’யும் ஒன்றில் ‘ஏ கழித்தலும்’ பெற்ற மாணவரின் சராசரி 3.92. தொண்ணூற்றுக்கு அது 88.20 ஆகும். அவர் புறப்பாடத்தில் பத்துக்கு ஐந்து பெற்றிருந்தால் மொத்தம் 93.20. இன்னொருவர் மூன்று ‘ஏ’, ஒரு ‘பி’. சராசரி 3.75. தொண்ணூற்றுக்கு 84.38. ஆனால் அவர் புறப்பாடத்தில் ஒன்பதரை பெற்றிருக்கிறார். மொத்தம் 93.88. தேர்வில் பின்தங்கியவர் தகுதிப்புள்ளியில் முந்திவிட்டார்! சட்டத்துறை போன்று போட்டி மிகுந்த துறையில் இந்த அரைப்புள்ளி வேறுபாடே ஒருவரை உள்ளேயும் மற்றொருவரை வெளியேயும் நிறுத்தப் போதுமானது. சீருடை இயக்கம், கழகம், விளையாட்டு என மூன்றிலும் பொறுப்பு வகித்த சான்றிதழைப் பத்திரப்படுத்துவதும், பள்ளியில் அப்புள்ளிகள் சரியாகப் பதிவாகியுள்ளனவா என்று கேட்டுப் பார்ப்பதும் விண்ணப்பக் காலத்தில் செய்யும் வேலையல்ல. ஆறாம் படிவத்தின் முதல் மாதத்திலேயே தொடங்க வேண்டியது.

பிறகு மூயெட் ஆங்கிலத் தேர்வு. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் என்னும் நான்கு திறனையும் சோதிக்கும் அதனை நம் பிள்ளைகள் ஏதோ சடங்கு போல் ஒருமுறை எழுதிவிட்டு விட்டுவிடுகிறார்கள். சட்டத்துறை மற்றத் துறைகளைவிட உயர்ந்த நிலையைக் கேட்கும். முதல்முறை போதிய நிலை கிடைக்கவில்லையெனில் மீண்டும் எழுதலாம். இதற்கொரு தடையுமில்லை. நான்கு ‘ஏ’ வைத்துக்கொண்டு மூயெட்டில் அரைநிலைக்குத் தோற்றுப் போன பிள்ளையைப் பார்க்கையில் வயிறு எரிகிறது.

விண்ணப்பம் நிரப்பும் முறையைப் பற்றி ஒரு சொல். நம் மாணவர் பலர் முதல் தேர்வாக மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறையை எழுதுகிறார்கள். அடுத்தடுத்து வணிக நிர்வாகம், உளவியல், வரலாறு என்று வாய்க்கு வந்ததை நிரப்பிவிடுகிறார்கள். சட்டம்தான் நோக்கமெனில் அப்பட்டத்தை வழங்கும் மற்ற அரசுப் பல்கலைக்கழகங்களையும் வரிசையாக எழுத வேண்டாமா? கெடாவில் சிந்தோக்கில் இருக்கும் வட மலேசியப் பல்கலைக்கழகத்திலும் சட்டம் பயிலலாம். "அவ்வளவு தூரமா? அது காடாயிற்றே! பெண்பிள்ளையை எப்படி அனுப்புவது?" என்று ஒரு தாயார் என்னிடம் கேட்டார். அதே பெண்ணை அடுத்த ஆண்டு கோலாலம்பூரில் வாடகை அறையில் தனியே தங்கவைத்துத் தனியார் கல்லூரிக்கு அனுப்பினார். தூரம் பற்றிய கவலை எங்கே போயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

சட்டத்துறைக்கு விண்ணப்பித்தவர்களை நேர்முகத் தேர்வுக்கு அழைப்பதும் உண்டு. அழைப்பு இணையத்திலும் மின்னஞ்சலிலும் வரும். வீடு தேடித் தபால்காரர் வருவார் என்று காத்திருக்கக் கூடாது. விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சல் முகவரியின் கடவுச்சொல்லை மறந்து, அழைப்பையே காணாமல் வாய்ப்பிழந்த பிள்ளை எங்கள் வட்டாரத்திலேயே உண்டு. நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் மலாயிலும் ஆங்கிலத்திலும் தம் கருத்தைத் தடுமாறாமல் நான்கு வாக்கியத்தில் சொல்லப் பழகியிருக்க வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் ஒரு படியை வாங்கி அடிப்படை உரிமைகளைக் கூறும் இரண்டாம் பாகத்தையாவது படித்திருக்க வேண்டும். அதன் விலை, கண்காட்சியில் விற்கும் ‘வெற்றியின் இரகசியம்’ நூலைவிட மலிவு.

மலாய்மொழியைப் பற்றி எனக்குச் சிறு மனக்குறை உண்டு. எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் இல்லாமல் அரசுப் பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாது. தனியார் வழியில் போனாலும், வழக்கறிஞராகப் பதிவு பெறும் நாளில் மலாய்மொழித் தகுதி கேட்கப்படும். நீதிமன்ற மொழி அதுதானே. ஆங்கிலம் மட்டும் பேசிச் சட்டம் படித்துவிடலாம் என்று மயக்குபவர்கள் இதனைச் சொல்வதில்லை. கிரெடிட் தவறியவர்கள் மலாய்மொழித் தாளை மட்டும் மீண்டும் எழுத வாய்ப்புண்டு. அதனை உடனே செய்யாமல் ஐந்தாண்டு கழித்துச் செய்பவரைப் பார்த்திருக்கிறேன்.

இதேபோல் தனியார் வழியைத் தேர்வோர் முதலில் அறிய வேண்டியது, கல்லூரியின் கட்டடம் எத்தனை மாடி என்பதன்று. சட்டத் தொழில் தகுதி வாரியம் அப்பட்டத்தை ஏற்கிறதா என்பதே. வாரியம் பட்டத்தோடு நிற்பதில்லை. அப்பட்டப் படிப்பில் எந்தக் கல்வித் தகுதியோடு நுழைந்தீர்கள் என்பதையும் பார்க்கிறது. குறுக்கு வழியில் ஒரு சான்றிதழை வாங்கிப் பட்டப்படிப்பில் சேர்ந்தவர், பட்டம் பெற்றபின் சி.எல்.பி. எழுதத் தகுதியற்றவராய் நிற்கக்கூடும். வாரியத்தின் விதிகளை அதன் அகப்பக்கத்திலேயே படிக்கலாம். பதிவுக் கட்டணம் செலுத்துவதற்குமுன் அரைமணி நேரம் அங்கே செலவழிக்கச் சொல்லுங்கள்.

இன்னொரு கேலியும் காதில் விழுகிறது. "எஸ்.டி.பி.எம்.மில் தமிழ் எடுத்து என்ன பயன்? சட்டத்துக்குத் தமிழ் உதவுமா?" என்கிறார்கள். தமிழ்மொழிப் பாடத்தில் பெறும் ‘ஏ’க்கும் 4.00 புள்ளிதான். பொருளியலில் பெறும் ‘ஏ’க்கும் 4.00 புள்ளிதான். கணிப்பொறிக்கு மொழிவெறுப்பு இல்லை. இலக்கியத்தை நுணுகிப் படித்து, ஒரு வரிக்கு இரு பொருள் கண்டு, எது பொருந்தும் என்று காரணம் காட்டி எழுதிப் பழகிய பிள்ளைக்குச் சட்டப் பிரிவைப் பொருள் கொள்வது அந்நியமான வேலையன்று. எல்லா ஆறாம் படிவ மையங்களிலும் தமிழ் கற்பிக்கப்படுவதில்லை என்பது உண்மையே. அதற்குக் குரல் கொடுக்க வேண்டிய நம் அமைப்புகள் வேறெதற்கோ குரல் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. (எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் பற்றிய என் புலம்பலை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.)

இப்போது கடினமான மறுப்புக்கு வருவோம். "நான்கு ‘ஏ’ எடுத்தும் கேட்ட துறை கிடைக்காத பிள்ளைகள் இல்லையா? அரசாங்கத்தை நம்பி ஏமாறவா?"

இருக்கிறார்கள். மறுக்கமாட்டேன். 2002-இல் தகுதி அடிப்படை என்னும் முறை அறிமுகமானது முதற்கொண்டே, ஓராண்டு மெட்ரிகுலேஷனையும் ஒன்றரை ஆண்டு எஸ்.டி.பி.எம்.மையும் ஒரே தராசில் எப்படி நிறுக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தவண்ணம் இருக்கிறது. 2025-இல்கூட, 4.00 சராசரி பெற்ற எஸ்.டி.பி.எம். மாணவர் ஒருவருக்கு அவர் விரும்பிய கணக்கியல் துறை கிடைக்காமற்போய் நாடே அதைப் பேசியது. இடம் மறுக்கப்பட்ட மாணவருக்கு எந்தப் புள்ளியில் எந்தக் காரணத்தால் மறுக்கப்பட்டது என்பதை எழுத்தில் தெரிவிக்க உயர்கல்வி அமைச்சு கடமைப்பட்டுள்ளது என்பதே என் கருத்து. வரி கட்டும் பெற்றோருக்கு அதைக் கேட்க உரிமையுண்டு. மேல்முறையீட்டுக்குத் தரப்படும் சில நாள் அவகாசத்தில் காரணமே தெரியாமல் எதை எதிர்த்து முறையிடுவது?

ஆனால், இந்த அநீதியைக் காட்டி ஆறாம் படிவத்தைக் கைவிடச் சொல்வது விந்தையான வாதம். நூறு தமிழ்ப்பிள்ளைகள் முழுத் தகுதியோடு விண்ணப்பித்து நாற்பது பேர் மறுக்கப்பட்டால், அதைக் கையில் வைத்துக்கொண்டு நாடாளுமன்றத்தில் கேட்கலாம். ஐந்து பேர் மட்டும் விண்ணப்பித்தால் எதைக் கேட்பது? களத்தைவிட்டு ஓடியவருக்கு நடுவரைக் குறைசொல்லும் வாய்ப்பும் போய்விடும். இடம் கிடைக்காத பிள்ளைக்கும் எஸ்.டி.பி.எம். வீணாவதில்லை. பிரிட்டிசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்கும் தகுதி அது. அதே தனியார் கல்லூரிச் சட்டப் பட்டத்தில் அதை வைத்தே சேரலாம். அடிப்படைக் கல்விக் கட்டணம் முழுதும் மிச்சம். அதாவது, ஆறாம் படிவம் முடித்த பிள்ளைக்கு இரு வழியும் திறந்திருக்கும். முடிக்காத பிள்ளைக்கு ஒன்றுதான், அதுவும் பணம் கட்டினால்தான்.

நம் இயக்கங்களையும் விட்டுவைக்க இயலாது. யு.பி.எஸ்.ஆர். இருந்த காலத்தில் (2021-இல் அது நீக்கப்பட்டது) ஏழு ‘ஏ’ எடுத்த பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மாலை, பொன்னாடை, கேடயம், நாளேட்டில் படம். இன்று அவ்விழா எஸ்.பி.எம். மாணவர்களுக்கு நகர்ந்துவிட்டது. எஸ்.டி.பி.எம். மாணவர்களுக்கு விழா எடுத்த இயக்கம் ஏதேனும் உண்டா? ஒரு கேடயத்தின் விலையில் ஒரு மாணவர் மூயெட் தேர்வை மீண்டும் எழுதலாம். ஒரு விருந்துச் செலவில் இருபது மாணவர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி நடத்தலாம். நம் வட்டாரத்தில் இளம் வழக்கறிஞர்கள் இல்லையா? ஒரு சனிக்கிழமைக் காலைப் பொழுதைக் கேட்டால் கொடுக்க மாட்டார்களா? நான் இருவரைக் கேட்டேன். இருவருமே வந்தார்கள்.

கருத்தரங்கு நடத்தும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த பதாகையில் ‘வழக்கறிஞர் ஆகலாம்’ என்று எழுதும்போது, அடிப்படைக் கல்வி முதல் சி.எல்.பி. வரை ஆகும் மொத்தச் செலவையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். சி.எல்.பி. தேர்வு ஒன்று உண்டு என்பதையும் எழுதுங்கள். உங்கள் வழியாகச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் இன்று நீதிமன்றத்தில் கறுப்பு அங்கி அணிந்து நிற்கிறார்கள் என்ற எண்ணிக்கையையும் சேருங்கள். மண்டபத்தில் பதிவுப் படிவம் வாங்கும் மேசைக்கு அருகில் ஆறாம் படிவ ஆசிரியர் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். மேசை வாடகை கேட்டால், அதை நாங்கள் கட்டிவிடுகிறோம்.